ரொட்டி யார் போட்டது?

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகளிடம் கலஹா சந்திப் பக்கத்துக் கொத்துக் கடை ஒன்றைப் பற்றிக் கேட்டால், ஆளுக்கொரு தீர்ப்பு சொல்வார்கள். யாழ்ப்பாணத்துப் பொடியனுக்கு உறைப்பு காணாது. காலியிலிருந்து வந்த பெண்பிள்ளைக்கு எண்ணெய் கூடிப் போய்விட்டது. அக்பர் பாலத்துக்கு அந்தப் பக்கம் பொறியியல் பீடத்தில் படிக்கும் ஒருவருக்குக் கோழித் துண்டில் எலும்பைத் தவிர வேறு எதுவும் கிடைப்பதில்லை. ஆனாலும் இரவு பத்து மணிக்கு விளக்கெரியும் கடை அதுதான், ஆணம் கேட்டால் முகம் சுளிக்காமல் இன்னொரு கரண்டி ஊற்றுவார்கள், ஒரு ஃபுல் வாங்கி இரண்டு பிளேட் கேட்டால் ஏன் என்று கேட்கமாட்டார்கள். குறையையும் நிறையையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு மறுநாளும் அங்கேதான் போவார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒரே குரலில் பேசினார்கள். கொத்து முன்பு மாதிரி இல்லை. ஏன் என்று கேட்டால் "மசாலாவை மாற்றிவிட்டார்கள்" என்றார்கள். இறுதியாண்டுப் பிள்ளைகள் கூடவே இன்னொன்றும் சொன்னார்கள்: "முன்னாடி ஒரு நானா இருந்தார். அவர் போன பிறகுதான் இப்படி."

இந்த இரண்டு வாசகங்களையும் வைத்துக்கொண்டுதான் நான் அந்தக் கடையின் சமையல் பக்கம் போனேன்.

இரும்புத் தட்டின் முன்னால் நின்றவருக்கு இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது. தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டம். 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் வர்த்தக ரீதியில் முதன்முதலாகத் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. அம்மா இன்னும் கொழுந்து பறிக்கிறார். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2024 செப்டம்பரில் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. மகன் இரவெல்லாம் கொத்திப் போடும் கோழிக் கொத்து ஒன்று ஆயிரம் ரூபாயைச் சுற்றி விற்கிறது. இதை அவரே சொன்னார், கணக்குச் சொல்வதுபோலத்தான், முறைப்பாடாக இல்லை.

மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் அதே மாதிரி ஒரு கணக்கு உண்டு. மகாபொல புலமைப்பரிசில் 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்தது. மாதம் 5,000 ரூபாயாக இருந்த அந்தப் பணம் 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ஆனது. விடுதிச் செலவு, போட்டோகொப்பி, வீட்டுக்குப் போக பஸ் காசு எல்லாம் அதற்குள்தான். அப்படிப்பட்ட பையிலிருந்து ஆயிரம் ரூபாய் எடுத்து வைப்பவர் உறைப்பையும் எண்ணெயையும் பற்றிப் பேசுவதை வெறும் நாக்கு ருசி என்று தள்ளிவிட முடியாது. காசு கொடுத்தவருக்குக் கேட்க உரிமை உண்டு. எனக்கு வருத்தம் தந்தது வேறு: அவ்வளவு கூர்மையாகக் கருத்துச் சொல்கிறவர்களில் ஒருவருக்கும் தட்டின் முன்னால் நிற்பவரின் பெயர் தெரியவில்லை.

அந்தத் தம்பியின் கொத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வெங்காயம், லீக்ஸ், கரட், கோவா தட்டில் விழுந்து வதங்க, கறிவேப்பிலையும் றம்பையும் மணக்க, முட்டையை உடைத்து ஊற்றிக் கலைத்து, மேலே ரொட்டியைப் பரப்பி, இரண்டு கைகளிலும் மொட்டைத் தகடுகளை எடுத்தார் என்றால் சந்தி முழுக்கக் கேட்கும். அந்தச் சத்தம் ஆளைக் கூப்பிட மட்டும் இல்லை. தகடு ரொட்டியில் விழும்போது முதலில் மந்தமாகக் கேட்கும். துண்டுகள் சிறுக்கச் சிறுக்க இரும்பில் இரும்பு படும் ஓசை கூர்மையாகும். பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும் பையன் திரும்பிப் பார்க்காமலே அந்த ஓசையைக் கேட்டு பிளேட்டை எடுத்து வருகிறான்.

மசாலாவைப் பற்றிக் கேட்டேன். "அதே மசாலாதாண்ணே. ஒரு தூள்கூட மாறல்ல" என்றார். ரொட்டி? கொஞ்சம் யோசித்தார். "ரொட்டி நாங்க போடுறதில்ல. வெளியில இருந்து பக்கட்ல வருது. எனக்குக் கொத்தத் தெரியும். மா பிசையத் தெரியாது."

நானா எங்கே என்று கேட்டதற்கு, பல்லேகமவில் இருக்கிறார் என்றார்.

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை, ரிவர்ஸ்டன், இல்லுக்கும்புற என்று நக்கிள்ஸ் மலைத்தொடரை ஏறிக் கடந்தால் மறுபக்கச் சரிவில் பல்லேகம. ரிவர்ஸ்டனில் பனிமூட்டமும் குளிர்காற்றும் எலும்பைத் தொடும். இறங்க இறங்க வெயில் ஏறும். பழைய பல்லேகமக் கடைத்தெரு இப்போது இல்லை. களு கங்கை நீர்த்தேக்கத்தில் 2018-இல் தண்ணீர் நிரப்பத் தொடங்கியபோது அது மூழ்கியது. லக்கலைப் பிரதேசத்துக்குப் புதிய நகரம் கட்டி, கடைகளும் அலுவலகங்களும் அங்கே போயின. நானா உக்குவெலைக்காரர். பழைய கடைத்தெருவில் ஒரு சிங்கள முதலாளியின் கடையில் இளம் வயதிலேயே ரொட்டிக்கு நின்றவர். கடை இடம்பெயர்ந்தபோது பேராதனைக்குப் போனார். பிறகு பழைய முதலாளியின் மகன் புதிய நகரத்தில் கடை திறந்து கூப்பிட்டதும் திரும்பிவிட்டார்.

"தம்பி, கொத்தப் பத்திக் கேக்க இவ்ளோ தூரம் வந்தீங்களா? விடிய அஞ்சு மணிக்கு வாங்க. பகல்ல பாக்க ஒண்டும் இல்ல" என்றார்.

விடியப் போனேன். கோதுமை மா, உப்பு, தண்ணீர், எண்ணெய் தவிர வேறெதுவும் இல்லை. ஈஸ்ட் கிடையாது, அதனால் பாண் மாவைப் போலப் பொங்காது. வேலை முழுவதும் பிசைவதிலும் காத்திருப்பதிலும்தான். மாவை மடித்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளி, திருப்பி மறுபடி மடித்து, அது கையில் ஒட்டுவதை நிறுத்தும்வரை தள்ளிக்கொண்டே இருந்தார். பிறகு ஈரத்துணி போட்டு மூடினார். மா ஊறும் நேரத்தில் அதற்குள் இருக்கும் பசை தளர்ந்து இழுவைக்கு இடம் கொடுக்கும். அவசரப்பட்டு இழுத்தால் ரப்பரைப் போலத் திரும்பச் சுருங்கும். அடுத்து உருண்டை பிடித்து எண்ணெயில் முக்கி மறுபடியும் விடுகிறார்.

"பேராதனையில ராவைக்குக் குளிர். மா இளக மாட்டேன்னு அடம்புடிக்கும். கூட நேரம் குடுக்கணும். இங்க வெயிலுக்கு ஒரேயடியா இளகிப் போகும். தண்ணியக் குறைக்கணும், நேரத்தையும் குறைக்கணும்" என்றார். எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் ஓர் உருண்டையை என் கையில் வைத்து அழுத்தச் சொன்னார். விரல் பதித்த குழி மெல்ல மெல்ல நிரம்பி வந்தது. "இந்த வேகத்துக்கு வரணும். சுருக்கா வந்தா இன்னும் ஊறணும். வராமலே கெடந்தா முடிஞ்சி."

வீசுவதைப் பார்க்கத்தான் கண் வேண்டும். எண்ணெய் தடவிய பலகையில் உருண்டையைத் தட்டையாக்கி, இரண்டு விளிம்பைப் பிடித்துத் தூக்கி வீசினார். நான்கு வீச்சில் அந்த வட்டம் ஒரு துணியளவு விரிந்தது. பலகையின் மரரேகை அதன் ஊடாகத் தெரிந்தது. ஓரங்களை உள்ளே மடித்துச் சதுரமாக்கித் தட்டில் போட்டார். வெந்தவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல், மூங்கில் தட்டில் தள்ளித் தள்ளி வைத்து ஆறவிட்டார்.

பேராதனையில் நான் கேட்ட இன்னொரு புகாருக்கு இங்கேதான் பதில் கிடைத்தது. "பழைய ரொட்டியைத்தான் கொத்திப் போடுகிறார்கள்" என்று ஒரு பிள்ளை சொல்லியிருந்தார். கொத்துக்குச் சுடச்சுட ரொட்டி ஆகாது. சூடான ரொட்டியைத் தகட்டால் அடித்தால் களியாகிவிடும். காலையில் போட்டு, காற்றில் ஆறி, மேல்தோல் சற்றே இறுகியதுதான் துண்டு துண்டாக வெட்டுப்படும், ஆணத்தையும் உள்ளே இழுக்கும். நேற்று முன்தினம் போட்டதை விற்கும் கடைகளும் உண்டு, அது ஏமாற்று. ஆனால் காலை ரொட்டியை மாலையில் கொத்துவது தொழிலின் முறை. பக்கட்டில் வரும் ரொட்டிக்கு இந்த ஆறுதல் கிடைப்பதில்லை. சூடு தணியுமுன் பொலித்தீனில் கட்டுவதால் உள்ளே வேர்த்து ஈரமாகிவிடுகிறது. அந்த ரொட்டி ஆணத்தை இழுக்காது. ஆணம் வெளியே நிற்கும், எண்ணெய் மிதக்கும், தூள் அளவு மாறாமலே உறைப்பு வேறு மாதிரித் தெரியும். எண்ணெய் கூட என்றவரும் உறைப்பு காணாது என்றவரும் ஒரே கோளாறைத்தான் இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். நாக்கு தப்புச் சொல்லவில்லை. காரணத்தைத் தேடிய இடம்தான் வேறு.

ரொட்டி ஏன் வெளியே போனது? 1,493 ரூபாய்க்கு விற்ற 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாய்க்கு ஏறியது. அதுவும் கிடைக்கவில்லை, வரிசையில் நின்றார்கள். இந்த நாட்டுக்கு வேண்டிய கோதுமை முழுவதும் கப்பலில் வருகிறது. டொலர் இல்லாமல் போனபோது மாவும் ஆட்டம் கண்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. காலையில் ரொட்டிக்கென்று ஒருமுறை அடுப்பை மூட்டுவது முதலாளிக்குக் கட்டுப்படியாகவில்லை. எங்கோ ஓரிடத்தில் மொத்தமாகப் போட்டு வரும் ரொட்டி மலிவாக இருந்தது. மா பிசைகிறவரின் கை கடைக்குத் தேவைப்படவில்லை. நெருக்கடி தணிந்து காஸ் விலை இறங்கிய பிறகும் அந்தக் கை திரும்பக் கூப்பிடப்படவில்லை. நானா பல்லேகமவுக்கு வந்ததற்கு இதுவும் காரணம்.

கொத்து பழங்காலத்துப் பண்டம் அல்ல. கிழக்கு மாகாணக் கடைகளில் தொடங்கி நாடெங்கும் பரவியது என்றுதான் பெரும்பாலோர் சொல்கிறார்கள். பரவிய காலத்திலேயே அதற்குப் போட்டியும் வந்தது. 1993-இல் பீட்சா ஹட் கொழும்பில் கடை திறந்தது; இன்று பிறந்தநாள் என்றால் பிள்ளைகள் கண்டிக்குப் போய்ப் பீட்சா சாப்பிடுகிறார்கள். அங்கிருந்து சீஸ் இறங்கி வந்து கொத்தின் மேலும் உட்கார்ந்துவிட்டது. சீஸ் கொத்தை நான் குறை சொல்லமாட்டேன், பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுகிறார்கள். ஆனால் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தில் பீட்சா மாவை வீசிச் சுடும் கலையை 2017-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அங்கே சேர்க்கப்பட்டது பண்டம் அல்ல, அதைச் செய்கிறவரின் தொழில். மரரேகை தெரியும்படி மாவை வீசும் நம் கைகளுக்கு ஒரு சான்றிதழ்கூட இல்லை.

அதைவிட அடிப்படையான ஒன்றுகூட அந்தக் கைகளுக்குக் கிடைக்கவில்லை: தொழிற்சட்டங்களின் பாதுகாப்பு. 1954-ஆம் ஆண்டுக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம் என்கிறது. 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12, தொழிலாளி 8 சதவீதம் செலுத்த வேண்டும். இத்தனை காலம் தட்டின் முன்னால் நின்ற நானாவிடம் சேமலாப நிதி இலக்கம் கேட்டேன். பழைய பல்லேகமக் கடையிலும் இருக்கவில்லை, பிறகு வேலை செய்த இடங்களிலும் இருக்கவில்லை. வலது தோளைக் காதுவரை தூக்க முடியாது. "கொத்துறத்தால வந்தது. மா பிசையிறதுக்கு இன்னும் தோள் வேல செய்யுது" என்றார்.

சனிக்கிழமைப் பகல், பிட்டவல பத்தன புல்வெளியைப் பார்க்க வந்த கம்பஸ் பிள்ளைகள் வான் ஒன்றில் கடைக்கு வந்து இறங்கினார்கள். நானாவை அடையாளம் கண்ட ஒருவன் "நானா, இங்கயா இருக்கீங்க!" என்று கத்தினான். "வா மகன், ரெண்டு பிளேட்டா?" என்று கேட்டார் அவர். அவன் ஒரு ஃபுல்லை இரண்டாகப் பங்கிடுகிறவன் என்பது அவருக்கு நினைவிருந்தது. கொத்து வந்தது. முதல் வாயிலேயே "மசாலா இது!" என்றான் பையன். நானா ஆறவிட்ட ரொட்டி ஒன்றை எடுத்து, "மொதல்ல இதத் தனியாப் பிச்சுத் தின்னுப் பாரு" என்று நீட்டினார்.

பேராதனைக்குத் திரும்பியதும் தெல்தோட்டைத் தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கம்பஸ் விடுமுறையில் பல்லேகமவுக்குப் போய்ச் சில நாள் நானாவிடம் பழகிவிட்டு வந்தார். முதல் நாள் வீசியவை எல்லாம் கிழிந்தன, கடைசி நாளில் பாதி தேறின என்றார். வானில் வந்த பையன்கள் கடை முதலாளியிடம் ரொட்டியைப் பற்றியே நேராகக் கேட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் சொந்த மாவில் போட்டுப் பார்க்கலாம் என்று அவர் ஒத்துக்கொண்டார். மா பிசைய விடிய ஐந்து மணிக்கு எழும்ப வேண்டும், கடை மூடும்போது இரவு பதினொன்று ஆகும். அந்தக் கூடுதல் மணிநேரங்களுக்குச் சம்பளம் உண்டா என்று தம்பி கேட்டிருக்கிறார். முதலாளி இன்னும் பதில் சொல்லவில்லை.