எல்லாரும் அமரும் பந்தி



நம் நாட்டில் சைவம் உண்போர் கீரையையும் ஐயத்தோடுதான் பார்க்க வேண்டியுள்ளது. கங்கோங் வறுவலில் சேரும் பெலாச்சான் இறாலை நொதிக்க வைத்துச் செய்வது. ஒயினைத் தெளிவிக்கவும் முட்டையின் வெண்கரு, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசை முதலியவற்றைச் சிலர் பயன்படுத்துவதுண்டு.

அண்மையில் பணி ஓய்வு பெற்ற ஆசிரியைக்கு மேருவில், மதுவும் பரிமாறும் ஓர் உணவகத்தில் பிரியாவிடை விருந்து நடந்தது. பெலாச்சான் வேண்டாம் என்றேன். பரிமாறியவர் முகம் சுளிக்காமல் அடுக்களைக்குச் சென்று சொல்லி, பூண்டு மட்டும் இட்டு வதக்கச் செய்தார். நிறைவாக உண்டேன்.

ஆயினும் ஒரு நாற்காலி வெறுமையாகவே இருந்தது. எங்கள் பள்ளியின் மலாய்மொழி ஆசிரியை வரவில்லை. மது பரிமாறும் உணவகத்திற்கு ஜாக்கிம் ஹலால் சான்றிதழ் வழங்குவதில்லை. தட்டில் கீரை மட்டுமே இருப்பினும் அவ்விடம் அவருக்குப் பொருந்தாது. விடைபெற்றவரோடு பல்லாண்டு அடுத்தடுத்த வகுப்பறையில் பணியாற்றியவர் அவர். மறுநாள் அன்பளிப்பை ஆசிரியர் அறையில் தனியே கொடுத்தார். ஓய்வு பெற்றவர் கண் கலங்கினார்.

"மது இல்லாத சைவக் கடையானால் நான் வருவேன், சிக்கு" என்று பின்னர் என்னிடம் கூறினார். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் வாழையிலையில் சைவ உணவு படைக்கும் கடைகளுக்குக் குறைவில்லை. அடுத்த விருந்திற்கு இடம் தேடும் பொறுப்பு எனக்கு வந்துள்ளது. கடையின் பெயரை முதலில் அவரிடமே சொல்லி ஒப்புதல் பெற்றுவிட்டேன்.