வந்த மழை நிற்பதில்லை

ராமநாதபுரத்துக்காரனுக்குப் பச்சையைக் கண்டாலே வயிறு குளிர்ந்துவிடும். நீலகிரியில் எமரால்டைத் தாண்டியதும் சாலையின் இருபுறமும் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும் சீகை (வாட்டில்) மரமும் வானத்தை மறைத்து நின்றன. காடு என்றால் இதுதான் என்று மனம் துள்ளியது. இறங்கி உள்ளே நடந்தோம். சீகை மரங்களுக்கு அடியில் புல் இல்லை, பறவைச் சத்தமும் இல்லை. சருகை விலக்கினால் புழுதி.

அன்று மதியம் தோடர் குடியிருப்பான மந்து ஒன்றில் சோறு போட்டார்கள். எருமைத் தயிர், ஊறுகாய். கரண்டியில் வெட்டி எடுக்கிற மாதிரித் தயிர்! எதிர்ச்சரிவில் ஆட்கள் சீகை மரங்களை வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். கூட வந்திருந்த அக்கா மகனுக்குச் சோறு இறங்கவில்லை. கல்லூரியில் மரக்கன்று நடும் குழுவில் இருப்பவன்.

"தாத்தா, இருக்கிற மரத்தையும் வெட்டிட்டா மழைக்கு எங்கே போவீங்க?"

சோறு போட்ட வீட்டுப் பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "மழை வருது தம்பி. வந்த மழைதான் நிக்க மாட்டேங்குது."

கீழே இருந்த பள்ளத்தைக் காட்டினார். அவருடைய சிறுவயதில் அது சதுப்பு நிலம். எருமைகள் முழங்கால் புதைய நின்று மேயும். கோயில் கூரைக்கு வேண்டிய புல்லை அங்கேதான் அறுப்பார்களாம். சுற்றிலும் சீகை ஏறிய பிறகு பள்ளம் காய்ந்தது. இப்போது அந்தப் புல்லுக்கு இரண்டு மலை தாண்டிப் போகிறார்கள்.

அந்தப் பள்ளம் என்னை விடவில்லை. ஊர் திரும்பியும் அதைப் பற்றியே தேடிப் படித்தேன். நீலகிரியின் உயரத்தில் மடிப்புகளில் சோலைக்காடும் சரிவுகளில் புல்வெளியும்தான் இயல்பு. பாசி, சருகு, கரிய மண் எல்லாம் பருவமழையைக் குடித்து, கோடையிலும் ஓடைகளுக்குச் சிறிது சிறிதாக விடும். வெள்ளைக்காரர்கள் ஊட்டியில் குளிர்காயச் சோலைகளை வெட்டினார்கள். விறகுக்குத் தட்டுப்பாடு வந்ததும், 1840களிலிருந்து கற்பூரம், சீகை என்ற இந்த ஆஸ்திரேலிய மரங்களைக் கொண்டுவந்து நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நாமும், தோல் பதனிடச் சீகைப் பட்டை வேண்டும் என்று புல்வெளிகளின் மேல் நட்டுத் தள்ளினோம். எங்கள் ஊர்க் கண்மாய்களை அடைத்து நிற்கும் சீமைக்கருவேலமும் விறகுக்கு என்று வந்ததுதான்.

நீலகிரியில் கிளென்மார்கன் என்ற இடத்தில் புல்வெளியில் கற்பூர மரம் நட்டு, ஓடைநீரை அளந்திருக்கிறார்கள். முதல் பத்தாண்டில் நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. கீழே பவானியை நம்பி வயல் வைத்திருப்பவர்களுக்கு இது சின்னக் கணக்கு அல்ல. மழைக்கோ அந்த மலையில் பஞ்சமே இல்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது, சரிவுகள் சரிந்தன. அத்தனை மழையை எந்த மலையும் முழுதாகத் தாங்காது என்பது உண்மை. ஆனால் தாங்கக்கூடிய மழையைக்கூடத் தேக்கி வைக்க விடாமல் செய்துவிட்டோமே என்பதுதான் என் ஆற்றாமை.

அன்று மந்தில், மருமகன் அவ்வளவு எளிதில் விடுவதாக இல்லை. "அப்போ அடுப்புக்கு?" என்றான்.

அந்த வீட்டுப் பாட்டி உள்ளிருந்தே பதில் சொன்னார்: "நீ சாப்பிட்டது சீகை விறகுல வெந்த சோறுதான். வீட்டுக்குப் பின்னால நாலு நிக்கட்டும், யாரு வேண்டாம்னது? பள்ளத்தை விட்டுடணும்."

அதற்கு அவனால் எதுவும் சொல்ல முடியவில்லை. தயிரை இன்னொரு முறை வாங்கிக்கொண்டான்.

பெரியவருக்குக் கவலை வேறு. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தைப் பிடுங்கிய இடத்தில் வெயில் பட்டதும் நாற்றங்கால் மாதிரி முளைத்துவிடும். "இந்த வருஷம் பணம் வந்தது, பிடுங்குறாங்க. அடுத்த வருஷமும் வரணும், அதுக்கு அடுத்த வருஷமும் வரணும். நடுவுல ரெண்டு வருஷம் விட்டா இதைவிட அடர்த்தியா நிக்கும் தம்பி. உங்க ஊருல யார்கிட்டயாவது சொல்ல முடிஞ்சா சொல்லுங்க" என்றார்.