உம்மும்மாவின் கணக்குக் கொப்பி

எங்கள் உம்மும்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்புக்காக மூதூரில் எங்கள் வீட்டுக்கு வந்தவரிடம் அவரே சொன்ன பதில் அது. எனக்கு அப்போது பத்து வயது. கதவு மறைவில் நின்றபடி, “நான் பள்ளிக்கூடம் போகல்ல தம்பி, இல்லையெண்டு போடுங்க” என்றார். வந்தவரும் அப்படியே போட்டுக்கொண்டு போனார். அன்று லுஹர் தொழுத பிறகு உம்மும்மா வழமைபோலப் பெட்டகத்தைத் திறந்தார். கொப்பியை எடுத்து, காலையில் வந்த பாலின் கணக்கை வலமிருந்து இடமாக எழுதினார்.

இதில் ஒரு முரண் இருப்பதாக வீட்டில் எவருக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. எழுத்து என்பது பள்ளிக்கூடத்தில் இருப்பது. தன்னிடம் இருந்தது ஓத்து. ஏழு வயதில் ஒரு லெப்பையின் மனைவியிடம் ஓதப் போனவர், குர்ஆனை முடித்த கையோடு அரபுத்தமிழ்க் கிதாபுகளையும் அந்த வீட்டு விறாந்தையிலேயே படித்திருக்கிறார். பெரியபிள்ளையானதும் வெளியே போவது நின்றது. கையில் வந்த எழுத்து நிற்கவில்லை. ட, ண, ள, ங என்று அரபியில் இல்லாத நம் ஒலிகளுக்குப் புள்ளிகளைக் கூட்டிப் போட்டு நம் முன்னோர் உண்டாக்கிய அந்த எழுத்தைக்கொண்டு ஆலிம்கள் பிக்ஹு எழுதினார்கள், தப்ஸீர் எழுதினார்கள். உம்மும்மா தயிர் முட்டி எழுதினார்.

முட்டிகளெல்லாம் வெருகலிலிருந்து வந்தவை. மகாவலி கடலைச் சேருமுன் கிளை பிரிந்து ஓடுவதுதான் வெருகல் ஆறு. அக்கரை மட்டக்களப்பு மாவட்டம், இக்கரை எங்களது. இக்கரையில் எங்கள் அப்பாவுக்கு, அதாவது உம்மாவின் வாப்பாவுக்கு, எருமைப் பட்டியும் கொஞ்சம் வயலும் மேட்டுக்காணியும் இருந்தன. மூதூரிலிருந்து சுபஹுக்கு வண்டி கட்டினால் மஃரிபுக்குப் போய்ச் சேரலாம் என்பார். கலியாணம் முடித்த புதிதில் உம்மும்மாவும் அங்கே வாடியில் இருந்திருக்கிறார். பட்டியைப் பார்த்தவர் வெருகலைச் சேர்ந்த ஒரு தமிழர். அவருடைய மனைவியும் உம்மும்மாவும் ஒரே மாதத்தில் பிள்ளை பெற்றவர்கள். 1957 டிசம்பர் வெள்ளத்தில் பட்டியில் பாதி போனது. மிச்சத்தை மேட்டுக்கு ஏற்றிக் காப்பாற்றியவர் அந்தப் பட்டிக்காரர். அதற்குப் பிறகு அவரைப் பற்றி வீட்டில் யாரும் குறைவாகப் பேச முடியாது.

ஆவணியில் வெருகல் முருகன் கோயில் திருவிழா வந்தால் அங்கே தயிருக்குக் கிராக்கி. கதிர்காமத்துக்கு நடந்து போகிற சாமிமாரும் அந்த வழியால்தான் போவார்கள். ஆற்றைக் கடக்கப் பாதைதான். இப்போதுள்ள பிள்ளைகளுக்குப் பாதை என்றால் றோட்டு. எங்களுக்கு அது ஆட்களையும் வண்டியையும் ஏற்றி ஆற்றுக்குக் குறுக்கே போகிற மிதவை. பாதையில் ஏறும்போது உம்மும்மா ஸலவாத்துச் சொல்ல, பட்டிக்காரரின் மனைவி முருகா என்பாராம். “ரெண்டு பேரும் முதலைக்குப் பயந்துதான் மனே சொன்ன” என்று உம்மும்மா பிறகு சிரிப்பார்.

கொப்பியில் வருடம் இருக்காது. மாதம் நம்முடையது: றஜபு, நோன்பு, ஹஜ்ஜு. வருடத்தை வெள்ளத்திலிருந்து எண்ணினார். ‘பெருவெள்ளத்துக்கு நாலாம் வருசம்’ என்றால் 1961. பால் போத்தலில், நெல் மரைக்காலிலும் அவணத்திலும். எழுத்து வலமிருந்து ஓடும். இலக்கம் மட்டும் இடமிருந்து. யார் எவ்வளவு கொடுத்தார், யாருக்கு எவ்வளவு பாக்கி, எந்த எருமை கன்று போட்டது, எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எல்லாம் ஒரே பக்கத்தில் கிடக்கும். கடன் எழுதும்போது சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதுவார். எதிரில் இருப்பவர் தமிழரானாலும் முஸ்லிமானாலும் கேட்டுச் சரி சொன்ன பிறகுதான் அடுத்த வரி.

எண்பதுகளின் நடுவில் போக்குவரத்துக் குறைந்தது. 1990க்குப் பிறகு வெருகல் எங்களுக்கு இல்லாமலே போனது. பட்டி என்னானது, வயலை யார் செய்கிறார்கள் என்று கேட்கவும் வழியில்லை. அப்பாவும் மௌத்தானார். எழுத ஒன்றுமில்லாததால் கொப்பி எழுதுவது தானாக நின்றது. 2004 ஏப்ரலில் வெருகல் ஆற்றங்கரையில் புலிகள் இரண்டாகப் பிரிந்து சண்டை பிடித்த செய்தியை வானொலியில் கேட்டபோது உம்மும்மா கேட்டது ஒன்றுதான்: “பாதையடியிலயா, மேலயா?”

அந்த வருடம் டிசம்பரில் சுனாமி. கடல் வீட்டுக்குள் வந்து பெட்டகத்தைக் கவிழ்த்துவிட்டது. பள்ளிக்காரர்கள் ஒழுங்கைகளில் சேற்றில் கிடந்த அரபு எழுத்துத் தாள்களை அதபோடு பொறுக்கி, மையவாடி ஓரத்தில் குழி வெட்டி அடக்கினார்கள். கிழிந்த முஸ்ஹபுகளோடு உம்மும்மாவின் நாலு கொப்பிகளும் மண்ணுக்குப் போயின. அரபு எழுத்தில் இருப்பது பாலும் மோரும் என்று பொறுக்கியவர்களுக்கு எப்படித் தெரியும்?

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வேறொன்றும் தோன்றும். நம்மில் அரபுத்தமிழைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவில்லை. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் தொடங்கிப் பெயர்களை அடுக்குவோம். பேராசிரியர் ம. மு. உவைஸ் எழுதினார். தைக்கா ஷுஐப் ஆலிம் 1993இல் பெரிய நூலொன்றையே தந்தார். எல்லாம் தேவையான வேலைதான். ஆனாலும் நாம் தேடுவது கிதாபுகளைத்தான். பெட்டகத்தில் கிடந்த பெண்களின் கொப்பிகளை எவரும் தேடவில்லை. வீட்டில் மௌத்து விழுந்தால், காலில் மிதிபடக் கூடாதென்று அவற்றை ஆற்றிலோ கடலிலோ விட்டுவிடுவோம். மரியாதையாலேயே அழிந்த எழுத்து இது. கொட்டியாரக் குடாவில் இப்படி எத்தனை வீட்டுக் கணக்குகள் கரைந்தனவோ.

தப்பியது ஒரு சீ.ஆர். கொப்பி. அது தலையணைக்குக் கீழே இருந்ததாம். 2006 ஆகஸ்ட் 4ஆம் திகதி மூதூரே கந்தளாயை நோக்கி நடந்தபோது உம்மும்மா ஒரு உழவு இயந்திரப் பெட்டியில் இருந்தார். மடியில் ஒரு சீலைப் பொட்டணி. கந்தளாயில் பாடசாலை ஒன்றில் இறங்கி அதை அவிழ்த்தால், ஒரு மாற்றுச் சீலை, தஸ்பீஹு மணி, இந்தக் கொப்பி. காசை மறந்திருந்தார், மருந்தை மறந்திருந்தார். உம்மா ஏசினா. “இதுல ஆக்கள்ர அமானிதம் இரிக்கி புள்ள” என்றார். நாங்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஊர் திரும்பி, 2008இல் நோன்பு மாதத்தில் மௌத்தானார்.

மூன்று வருடம் கழித்து ஒருவர் வெருகலிலிருந்து வந்தார். என் வயதுதான் இருக்கும். பட்டிக்காரரின் கடைசி மகன். இடம்பெயர்ந்து திரும்பி, தகப்பன் இருந்த மேட்டுக்காணியிலேயே கொட்டில் போட்டு இருக்கிறார். வீட்டுத் திட்டத்தில் பெயர் வந்திருக்கிறது, காணிக்கு ஆதாரம் கேட்கிறார்கள். “அந்த ரெண்டு ஏக்கரையும் பெரியவர் அப்பாவுக்கு வித்தவர் எண்டு அம்மா சொல்லுவா” என்றார். உறுதியோ எங்கள் அப்பாவின் பெயரில் இருந்தது. மூத்த மாமா அதன் பிரதியை அந்த வருடம்தான் அலைந்து எடுத்திருந்தார். வெருகலில் எங்களுக்கு மிஞ்சியது அது ஒன்றுதான் என்று நம்பியிருந்தார். மாமாவைப் பிழை சொல்ல மாட்டேன். இருபது வருடம் தன் காணியைக் கண்ணால் காணாத மனிதர் அவர். அவருக்கும் கலியாணத்துக்கு இரண்டு குமர் இருந்தார்கள். கிழக்கில் அப்போது காணிப் பிரச்சினை இல்லாத ஊர் எது?

வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுத்து இருக்கச் சொல்லிவிட்டு, உம்மாதான் கொப்பியை எடுத்துக்கொண்டு வந்தா. எங்களில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது. மாமா, நான், அந்த வெருகல்காரர் மூவருமாகத் தோப்பூரில் இருந்த ஒரு முதிய லெப்பையிடம் போனோம். எண்பதைத் தாண்டியவர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தார்.

அப்போதுதான் ஒன்றைக் கண்டேன். உம்மும்மா பள்ளிக்கூடம் போகாததால் அவருடைய தமிழுக்கு எழுத்துநடை என்று ஒன்று கிடையாது. பேசியதை அப்படியே எழுதியிருக்கிறார். ‘வந்தது’ என்றில்லை, ‘வந்திச்சி’. ‘கொடுத்தான்’ என்றில்லை, ‘குடுத்தான்’. லெப்பை வாசிக்க வாசிக்க உம்மும்மாவின் பேச்சுத்தான் கேட்டது. மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

காணிக் கணக்கு ஐந்து இடங்களில் இருந்தது. விலை இருபது அவணம் நெல். ஒவ்வொரு போகமும் நாலு அவணம். கடைசி வரி பெருவெள்ளத்துக்கு இருபதாம் வருசம்: “நாலு அவணம் வந்திச்சி. கணக்கு முடிஞ்சி. காணி அவன்ட. உறுதி எழுதிக் குடுக்கோணும். அல்லாஹ் சாட்சி.”

லெப்பை மேலும் வாசிக்கப் போனார். மாமா கையால் நிறுத்தினார். இது நீதிமன்றத்தில் செல்லுமா செல்லாதா என்று அவர் ஒருவரிடமும் கேட்கவில்லை. “உம்மா எழுதி வச்சிட்டா. இனி என்ன கதை” என்றார். அடுத்த மாதம் நொத்தாரிசிடம் போய் எழுதிக் கொடுத்தார். திரும்பி வரும் வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வருடம் பெரிய குமரைக் கரைசேர்க்கத் தன் கடையை ஈடு வைத்தார். அதையும் இங்கே சொல்ல வேண்டும்.

லெப்பை இப்போது இல்லை. கொப்பி என்னிடம் இருக்கிறது. இளம் மௌலவி ஒருவர் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு வருவார். அரபு எழுத்தை வெள்ளமாக ஓதுவார், தமிழ் வந்ததும் தட்டுவார். எனக்குத் தமிழ் தெரியும், எழுத்துத் தட்டும். இரண்டு பேருமாக முப்பத்தொரு பக்கம் வந்திருக்கிறோம். போன வெள்ளி வாசித்தது பெருவெள்ளத்துக்கு ஆறாம் வருசம், ஆவணித் திருவிழாக் கணக்கு: நாற்பது முட்டி தயிர் போனது, முப்பத்தாறுக்குக் காசு வந்தது, நாலு சாமிமாருக்கு.