வள்ளத்திற்கு ஓர் எஞ்சின்

புறநானூற்றின் 66-ஆம் பாடலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் நான் சற்றே தயங்கி நிற்பதுண்டு. காற்றை ஏவல்கொண்டு பெருங்கடலில் நாவாய் ஓட்டியவனின் வழித்தோன்றலே என்று வெண்ணிக்குயத்தியார் கரிகாலனை விளிக்கும் பாடல் அது. மாணவர்களுக்கு அது பழம்பெருமை. எனக்கோ, தூத்துக்குடிக் கரையில் எங்கள் வள்ளத்தின் பாயைச் சுருட்டி அப்பா பரணில் ஏற்றிய நாள் நினைவுக்கு வரும். 1996-இல் அவர் அந்த வள்ளத்தில் டீசல் எஞ்சின் பொருத்தினார். காற்றை ஏவல்கொள்ளும் வேலை அன்றோடு எங்கள் குடும்பத்தில் முடிந்துபோயிற்று.

அந்த எஞ்சின் சென்ற மே மாதம் இறுதி மூச்சுக்கு வந்துவிட்டது. விடியற்காலையில் கிளம்ப மறுத்தது. கிளம்பினால் நீலப்புகை கக்கியது. கருப்புப் புகை என்றால் எரியாத டீசல், சுமை மிகுதி. நீலப்புகை என்றால் எரிவது எஞ்சினுக்குள் இருக்கவேண்டிய ஆயில். பிஸ்டன் வளையமும் லைனரும் தேய்ந்துவிட்டன என்று பொருள். கிராங்க் ஷாஃப்டை ஏற்கெனவே இருமுறை கடைந்தாயிற்று. இனிக் கடைய அதில் இரும்பில்லை என்று பட்டறைக்காரர் கைவிரித்துவிட்டார்.

அண்ணன் தொலைபேசியில் அழைத்தான். "விடுமுறைதானலே, வா. ஒரு முடிவு எடுக்கணும்" என்றான். முடிவு எடுப்பதற்கு என் மூளையைவிட, கல்லூரிக் கூட்டுறவுச் சங்கத்தில் நான் வாங்கக்கூடிய கடனே அவனுக்குத் தேவை என்பது இருவருக்கும் தெரியும். இருப்பினும் கடன் வாங்குபவனுக்குக் கருத்துச் சொல்லும் உரிமை உண்டல்லவா?

அண்ணன் மனத்தில் வைத்திருந்தது ஒரு பழைய லாரி எஞ்சின். விலை மலிவு, திறன் ஏறக்குறைய 90 குதிரை. எங்கள் பழைய எஞ்சினோ 24 குதிரை. பக்கத்து வள்ளக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பெரிய எஞ்சினுக்கு மாறி, தன்னை முந்திக்கொண்டு மீனை ஏலத்திற்குக் கொண்டுவந்து விடுகிறார்கள் என்பது அவன் ஆதங்கம். முதலில் கரைசேரும் மீனுக்கே விலை. இதில் பொறாமை ஒன்றுமில்லை, வயிறுதான் இருக்கிறது.

நான் இரண்டு இரவுகள் கண்விழித்துப் படித்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வில்லியம் ஃப்ரூட் என்னும் ஆங்கிலேயர் சிறு மாதிரிகளைத் தொட்டியில் இழுத்துப் பார்த்துக் கண்ட உண்மைகளிலிருந்து ஓர் எளிய கணக்கு பிறந்திருக்கிறது. நீரைக் கிழித்துச் செல்லும் படகு தானே எழுப்பும் அலைக்குள் சிக்கிக்கொள்கிறது. நீர்மட்டத்தில் அதன் நீளத்தை அடியில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.34-ஆல் பெருக்கினால் வருவது நாட் கணக்கில் அதன் இயல்பான உச்சவேகம். எங்கள் வள்ளம் நீர்மட்டத்தில் 32 அடி. கணக்கு 7.6 நாட் காட்டியது. மணிக்குப் பதினான்கு கிலோமீட்டர். அந்த எல்லையை நெருங்க நெருங்க, கூடுதலாக எரிக்கும் டீசலெல்லாம் பெரிய அலையை எழுப்புவதற்கே செலவாகும். 24 குதிரைக்குப் பதில் 90 குதிரை பூட்டினாலும் வேகம் நான்கு மடங்காவதில்லை. டீசல் செலவே ஏறும்.

இதை வெற்றிக்களிப்போடு அண்ணனிடம் விளக்கினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "ஒன் கணக்கு காத்து இல்லாத கடலுக்கு. ஆடி மாசம் கச்சான் கரையிலேர்ந்து மூஞ்சிலடிக்கும். நீவாடும் இழுக்கும். வலையும் மீனும் ஏத்திக்கிட்டு அதுல ஏறி வரணும். அப்ப ஒன் ஏழரை நாட் எங்க இருக்கும்?"

எனக்கு விடை இல்லை. அமைதியான நீரில் உச்சவேகம் எவ்வளவு என்பதைத்தான் நான் கணக்கிட்டிருந்தேன். அவன் கேட்டதோ, எதிர்க்காற்றில் எஞ்சியிருக்கும் திறனை. நூலறிவுக்கு எப்போதும் இந்த ஆபத்து உண்டு. விடை சரியாக இருக்கும், கேள்வி வேறாக இருக்கும்.

வழக்கைத் தீர்த்தவர் பட்டறைக்காரர். லாரி எஞ்சின் மேட்டில் திணறும், இறக்கத்தில் இளைப்பாறும். கடலில் இறக்கமே கிடையாது. புரொப்பெல்லர் மணிக்கணக்கில் ஒரே சுமையாக எஞ்சினை இழுத்துக்கொண்டிருக்கும். பெரிய எஞ்சினை டீசலுக்கு அஞ்சிப் பாதித் திறனிலேயே ஓட்டினாலும் கேடுதான். சிலிண்டர் போதிய சூடேறாமல் உள்ளே கரி படியும். உப்புநீரை நேராக உள்ளே விட்டுக் குளிர்வித்தால் உட்சுவர் அரிக்கும். நன்னீர் உள்ளே சுழன்று, கடல்நீர் வெளியிலிருந்து அதன் வெப்பத்தை வாங்கிச் செல்லும் அமைப்பு வேண்டும். அதையும் வாங்கிப் பூட்டினால் மலிவு என்ற பேச்சுக்கே இடமில்லை. "அண்ணாச்சி, எதிர்க்காத்துல ஏறுறதுக்குக் குதிரை மட்டும் போதாது. கியரைக் குறைச்சு, பெரிய புரொப்பெல்லரை மெதுவாச் சுத்தவிடணும்" என்றார். புதிய 36 குதிரை எஞ்சின் ஒன்றை அவர் பரிந்துரைத்தார். விலைதான் பழைய லாரி எஞ்சினைப்போல் இரண்டு மடங்குக்கு மேல்.

இவ்வளவு நேரமும் அப்பா திண்ணையில் பேசாமல் அமர்ந்திருந்தார். அவருக்குக் காது ஏறக்குறைய முற்றிலும் போய்விட்டது. கால் நூற்றாண்டு அந்த எஞ்சினுக்குப் பக்கத்தில் அமர்ந்து சுக்கான் பிடித்ததன் கூலி அது. பாயோட்டிய காலத்தில் அலையின் ஓசையை வைத்தே பார் எங்கே இருக்கிறது என்று சொன்னவர்! எஞ்சின் வந்தபின் எங்களுக்குப் பள்ளிக் கட்டணம் தவறாமல் வந்தது. நான் முதுகலை படித்தேன். அவர் செவிப்புலனை விற்ற காசில்தான் நான் சங்கப்பாட்டின் ஓசைநயம் கற்றேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, அவரிடமும்.

நாங்கள் எதைப் பேசுகிறோம் என்பது அவருக்கு எப்படியோ புரிந்திருந்தது. அண்ணனைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "லாரி எஞ்சின் வச்சா, பாய்மரம் ஊன்றுற கட்டை இருக்குமா?"

அண்ணன் தலைகுனிந்தான். அந்த எஞ்சின் அமர்வதற்கு அடிக்கட்டையை அகலப்படுத்த வேண்டும். பாய்மரக்கட்டையை வெட்டித்தான் ஆகவேண்டும். முப்பது ஆண்டுகளில் பாய் விரித்தது ஒரேயொரு முறை. நான் பள்ளியில் படித்தபோது எஞ்சின் நடுக்கடலில் நின்றுபோன ஒரு நாள், இருட்டிய பிறகு வள்ளம் பாயோடு கரையேறியது. அன்று கரையில் அம்மாவோடு நின்றிருந்த சிறுவர்கள் நானும் அண்ணனும்தான். அப்பாவின் கேள்விக்கு மேல் அண்ணன் எதுவும் பேசவில்லை.

36 குதிரையே வாங்கினோம். என் சம்பளத்திலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பிடித்தம். இறக்கி வைத்த அன்றே முடிந்துவிடும் வேலை என்று நினைத்திருந்தேன், இல்லை. கரையில் உலர்ந்து கிடந்த மரம் நீரில் ஊறி, வள்ளத்தின் வடிவமே நூலிழை மாறுகிறது. ஆகவே நீரில் இறக்கிச் சில நாள் கழித்து, எஞ்சினும் ஷாஃப்டும் சேரும் இடத்தில் மெல்லிய தகட்டைச் செருகி, இடைவெளி சுற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று மறுபடி பார்த்தார்கள். மயிரிழை பிசகினாலும் அதிர்வு தொடங்கும், பேரிங் தேயும்.

கடைசியில் எஞ்சினைக் கிளப்பியபோது அப்பாவைக் கைத்தாங்கலாக ஏற்றினோம். அவர் எஞ்சின் பக்கம் போகவில்லை. விளிம்புப் பலகையில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, வெகுநேரம் நின்றார். பிறகு பின்பக்கம் வந்து ஷாஃப்டுக்கு நேர்மேலே கையை வைத்தார். "வலப்பக்கம் கொஞ்சம் தூக்கணும்" என்றார்.

பட்டறைக்காரர் நிறுத்திவிட்டுத் தகட்டைச் செருகிப் பார்த்தார். தூக்கத்தான் வேண்டியிருந்தது.

பரணிலிருந்த பாய் எலி கடித்து நைந்துபோயிருந்தது. அண்ணன் புதிதாக ஒன்று தைக்கக் கொடுத்தான். அதை இதுவரை விரிக்க நேரவில்லை. விரிக்க நேராமல் இருக்கட்டும். ஆனால் அது சுருட்டிய நிலையில் வள்ளத்திலேயே கிடக்கிறது, பரணுக்குப் போகவில்லை.