மேக்னசைட் ஜங்ஷன்

சேலம் ஜங்ஷனில் ஏறி ஓமலூர்ப் பக்கம் போனால், உட்கார இடம் பிடிப்பதற்குள் ஒரு சின்ன ஸ்டேஷன் வந்துவிடும். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் 'மேக்னசைட் ஜங்ஷன்' என்று எழுதியிருக்கும். சாமி பெயர் இல்லை, ஆற்றின் பெயர் இல்லை, ஒரு கல்லின் பெயர். வெளியூர்க்காரர்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "இது என்ன ஊருங்க?" என்று கேட்பார்கள். எங்களுக்கு அந்தப் பெயரில் வியப்பு எதுவும் இருந்ததில்லை. அரிசி, பருப்பு போல அது வீட்டில் புழங்கிய சொல். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத என் அப்பத்தா 'மேக்னசைட்' என்று பிசிறில்லாமல் சொல்லும். ஆனாலும் பேச்சில் 'வெள்ளைக்கல்' என்றால்தான் எல்லோருக்கும் நிறைவு.

வடக்கே பார்த்தால் சேர்வராயன் மலை வானத்தில் பாதியை மறைத்துக்கொண்டு நிற்கும். அதன் காலடியில், கருப்பூர், செட்டிச்சாவடி, வெள்ளாளப்பட்டி பக்கமெல்லாம் குட்டையான கரடுகள். அந்தக் கரடுகளின் மேல் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள், யாரோ சுண்ணாம்பு வாளியைக் கவிழ்த்ததுபோல. அதைப் பார்த்த வெள்ளைக்காரர்கள் 'சாக் ஹில்ஸ்' என்று வரைபடத்தில் எழுதிவிட்டார்கள். தமிழிலும் சுண்ணாம்புக்கரடு என்றே ஆயிற்று. ஆனால் அது சுண்ணாம்பு இல்லை. ஆறாம் வகுப்பில் எங்கள் வாத்தியார் ஒரு சுக்கான்கல்லையும் ஒரு வெள்ளைக்கல்லையும் மேசைமேல் வைத்து, இரண்டின் மீதும் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார். சுக்கான்கல் நுரைத்துப் பொங்கியது. எங்கள் கல் அசையாமல் கிடந்தது. "இது லேசுல கரையாது, லேசுல உருகாது" என்றார். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு ஏனோ நெஞ்சு நிமிர்ந்தே இருந்தது.

அந்தக் கரடுகளின் உள்ளே இருப்பது பூமியின் ஆழத்திலிருந்து வந்த டியூனைட் என்ற பச்சை கலந்த பாறை. அதில் மக்னீசியம் அதிகம். அதன் விரிசல்களில் கரியமில வாயு கலந்த தண்ணீர் யுகக்கணக்கில் இறங்கி இறங்கி, பாறையை அரித்து, வெள்ளைக்கல்லாக நரம்பு நரம்பாகப் படிய வைத்திருக்கிறது. விரல் தடிமனிலும் நரம்பு உண்டு, ஆள் உயரத்திலும் உண்டு. ஒரே திசையில் ஓடாது, வலைபோலப் பின்னிக் கிடக்கும். அதனால் நரம்பை மட்டும் உருவி எடுக்க முடியாது. கரட்டையே உடைத்துக் கொட்டி, அதில் பொறுக்க வேண்டும். இயந்திரம் எவ்வளவு வந்தாலும் கடைசியில் கையும் கண்ணும் வேண்டும். அந்தக் கை பெண்களுடையது.

என் அம்மா அங்கே கல் பொறுக்கினாள்.

காலை ஏழு மணிக்குச் சங்கு ஊதும். தூக்குவாளியில் கம்பஞ்சோறோ பழைய சோறோ, ஒரு பச்சை மிளகாய், தலைக்குச் சும்மாடு, இடுப்பில் சின்னச் சுத்தியல். வேட்டு வைத்துச் சரிந்த கல்லைக் கூடையில் அள்ளிவந்து கீற்றுப் பந்தலுக்கு அடியில் கொட்டுவார்கள். அம்மா கால்களை நீட்டிக்கொண்டு உட்காருவாள். ஒரு கல்லை எடுப்பாள், சுத்தியலால் ஒரு தட்டு. நல்ல கல் சிப்பியின் உட்பக்கம்போல வளைந்து உடையும், பீங்கான் மாதிரி வழவழவென்று இருக்கும். அது வலது பக்கக் கூடைக்குப் போகும். பச்சைப் பாறை ஒட்டியிருந்தால் கொத்தி நீக்குவாள். நீக்க முடியாததும், கண்ணாடித் தோல்போலச் சிலிக்கா படர்ந்ததும் இடது பக்கம் பறக்கும். சிலிக்கா என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது. அது இருந்தால் கூடைக்குக் கூலி கிடையாது என்பது தெரியும்.

பள்ளி விடுமுறையில் நானும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். தட்டும் சத்தத்திலேயே அவள் முடிவெடுத்துவிடுவாள், கல்லைத் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டாள். நான் எடுத்துக் கொடுப்பதில் பாதி இடது பக்கம்தான் போகும். "கண்ணால பாக்காத சாமி, காதால பாரு" என்பாள். வேதியியல் படித்து, ஆய்வகத்தில் சிலிக்கா சதவீதம் கணக்கிடும் வேலைக்குப் போன பிறகுதான் அந்த வாக்கியத்தின் எடை எனக்குப் புரிந்தது. நாங்கள் அரை நாள் செலவழித்துச் சொன்ன பதிலை அந்தப் பந்தலில் இருந்த முப்பது பெண்களும் ஒரு தட்டில் சொல்லியிருப்பார்கள். சுரங்கத் தொழிலைப் பற்றிய புத்தகங்களில் டன் இருக்கிறது, ஏக்கர் இருக்கிறது, குத்தகைக்காரர் பெயர் இருக்கிறது. அந்தக் காதுகளைப் பற்றி ஒரு வரி நான் பார்த்ததில்லை. இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

பொறுக்கிய கல் சூளைக்குப் போகும். அப்பா வேலை பார்த்தது அங்கே. வெள்ளைக்கல்லைச் சுட்டால் அதற்குள் சிறைப்பட்டிருந்த கரியமில வாயு வெளியேறிவிடும். உள்ளே போன எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவுதான் திரும்பி வரும், மீதி புகைபோக்கி வழியாக வானத்துக்கு. எந்தக் காலத்திலோ மழைத்தண்ணீரில் கலந்து பூமிக்குள் இறங்கிய காற்றை அப்பா ஷிப்டு போட்டு விடுதலை செய்துகொண்டிருந்தார் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். மிதமாகச் சுட்டால் ஒரு சரக்கு. 1,700 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்து, தண்ணீர் பட்டாலும் மாறாத அளவுக்கு இறுகச் சுட்டால் இன்னொரு சரக்கு. அந்த இரண்டாவதில் செய்த செங்கல்தான் உருக்காலை உலைகளின் உட்சுவர். இரும்பு கொதித்துக் குழம்பாகும்போது அதைத் தாங்கி நிற்கச் சாதாரணக் கற்களால் ஆகாது. உருக்காலை ஊர்களான பிலாயையும் பொக்காரோவையும் அப்பா பார்த்ததே இல்லை. ஆனால் அந்தப் பெயர்களைச் சொந்தக்காரர் வீட்டு ஊர்களைப்போலச் சொல்வார்.

ஊரில் எல்லாவற்றின் மேலும் வெள்ளை. வேப்பமரம் மழை பெய்தால் மட்டும் பச்சை. அம்மாவின் இமையில், அப்பாவின் காதுமடலில், தண்ணீர்ப் பானையின் மூடியில் எல்லாம் அந்த மாவு. இரவில் அப்பா இருமுவார். ஊரில் இருமாத வீடு கிடையாது. அதை ஒரு நோய் என்று சொல்ல அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

வெள்ளைக்கு நடுவே சிவப்பு வந்தது லாரிகளால். ஏற்காட்டு மலை உச்சியில் வெட்டிய பாக்சைட்டை ஏற்றிக்கொண்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, மேட்டூர் அலுமினிய ஆலைக்கு அவை போகும். அந்த ஆலை 1965இல் தொடங்கியது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் உடம்பு சார்னோக்கைட் என்ற கரும்பாறை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் போட்டது இந்த வகைக் கல் என்பதால் வந்த பெயர். மலை உச்சியில் பெய்த மழை அந்தப் பாறையின் சிலிக்காவை மெல்லக் கழுவிக் கொண்டுபோக, அலுமினியச் சத்து சிவந்த தொப்பியாக மேலே தங்கிவிட்டது. அங்கே ஆழமாகத் தோண்ட வேண்டியதில்லை, தலையைச் சீவினால் போதும். காப்பித் தோட்டங்களுக்கு மேலே சீவிய இடங்கள், மழைக்காலத்தில் கீழிருந்து பார்த்தாலும் புண்போலத் தெரியும். சேலம் மாவட்டத்துப் பாறைகளை 1860களிலேயே நடந்து நடந்து பதிவு செய்தவர்களில் ஒருவரான ராபர்ட் புரூஸ் ஃபுட், ஓய்வுக்குப் பின் வந்து தங்கியது அந்த ஏற்காட்டில்தான். அவர் நடந்த வழிகளில் எத்தனை இப்போது காற்றில் இருக்கின்றனவோ.

கஞ்சமலையைப் பற்றி ஒரு வார்த்தை. அது கருப்பு. சித்தர் கோவிலுக்கு அமாவாசைக்குப் போகும்போது ஓடை மணலில் காந்தத்தை உருட்டினால் கம்பளிப்பூச்சி மாதிரி இரும்பு மணல் ஒட்டிக்கொள்ளும். 1830களில் ஜோசையா ஹீத் சேலத்து இரும்புக்கல்லைப் பரங்கிப்பேட்டையில் உருக்கிப் பார்த்தார். 1970இல் இந்திரா காந்தி சேலம் உருக்காலைக்கு அடிக்கல் நாட்டியபோது மலையிலிருந்தே இரும்பு வரும் என்று ஊரே நம்பியது. வந்தது துருப்பிடிக்காத எஃகுத் தகடு, வெளியிலிருந்து வந்த எஃகைத் தகடாக்கி. மலை அப்படியே இருக்கிறது. எனக்கு அதில் வருத்தமில்லை.

எங்கள் கரடுகள் அப்படியே இல்லை. கரடு இருந்த இடத்தில் குழி, குழி பக்கத்தில் கழிவுக் கல்லில் புதிதாக எழும்பிய கரடு. சீனாவிலிருந்து மலிவாகச் சரக்கு வர ஆரம்பித்ததும் பந்தல்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. பின்னால் அனுமதிச் சிக்கலில் சுரங்கங்கள் வருடக்கணக்கில் மூடிக் கிடந்தன. சங்கு நின்ற முதல் வாரம் ஊரில் யாருக்கும் நேரமே தெரியவில்லை என்று அம்மா போனில் சொன்னாள்.

போன தையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். கண்ணில் புரை, கையைப் பிடித்தே நடந்தாள். குழிகளில் மழைத்தண்ணீர் தேங்கி நீலமும் பச்சையுமாக நின்றது. கரையில் சீமைக்கருவேலம். பந்தல் இருந்த இடம் இதுதான் என்று நான் காட்டுவதற்கு முன்பே அவள் நின்றுவிட்டாள். "இங்கதான்" என்றாள். மெதுவாக உட்கார்ந்து, கால்களை நீட்டிக்கொண்டாள். நான் தரையில் கிடந்த வெள்ளைக்கல் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தேன். நல்ல கல் என்றுதான் நினைத்தேன். சுத்தியல் இல்லை. இன்னொரு கல்லை எடுத்து அதன்மேல் ஒரு தட்டுத் தட்டினாள், தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"சிலிக்கா இருக்கு சாமி" என்றாள். இடது பக்கம் வீசினாள்.