அப்புச்சியின் பேவர் லூபா

நிலத்துக்குப் பத்திரம் உண்டு. நகைக்கு எடை உண்டு. கைக்கடியாரத்துக்கு இரண்டும் கிடையாது. ஆகையால் பாகம் பிரிக்கும்போது அதை யாரும் நடுவில் வைத்துப் பேசுவதில்லை. யாராவது ஒருவர் வீட்டு இழுப்பறையில் அது போய் அடங்கிவிடும். உடுமலைப்பேட்டையில் பஞ்சு வியாபாரம் செய்த என் அப்புச்சியின் கடியாரம், ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில், பித்தான்களுக்கும் செல்லாக் காசுகளுக்கும் நடுவில், சின்னம்மா வீட்டிலிருந்து என்னிடம் வந்து சேர்ந்தது. (அம்மாவைப் பெற்றவரைக் கொங்கு நாட்டில் அப்புச்சி என்போம்.)

அது பேவர் லூபா. ஸ்விட்ஜர்லாந்தில் லெ லோக்ல் என்ற ஊரில் 1737-லேயே தொழில் தொடங்கிய குடும்பம். 1865-ல் பம்பாய்க்கு வந்து கடியாரம் விற்றார்கள். எச்.எம்.டி. கம்பெனி ஜப்பானிய ஸிடிஸனுடன் கூட்டுச் சேர்ந்து பெங்களூரில் கடியாரம் செய்யத் தொடங்கியது 1961-ல். அதுவரை நல்ல கைக்கடியாரம் என்றால் நமக்குக் கப்பலில் வந்ததுதான். அப்புச்சி 1956-ல் வாங்கினார். அந்தப் பணத்துக்கு ஒரு கறவை மாடு பிடித்திருக்கலாம் என்று அம்முச்சி வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

ஆடம்பரம்தான், சந்தேகமில்லை. ஆனால் முழுக்க ஆடம்பரம் என்றும் சொல்லிவிட முடியாது. 1920-ல் ஜி. டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டாரே, அந்தப் பாதை எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. நிழலைப் பார்த்துச் சந்தைக்குப் போகலாம். நிழலைப் பார்த்து பஸ் பிடிக்க முடியுமா?

பஸ் நிலையத்துக்குச் சமீபத்தில் கடை வைத்திருக்கும் ஒரு கிழவரிடம் கொண்டுபோனேன். ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு பின்மூடியைத் திறந்தார்.

"ஏனுங்க, உங்க வீட்ல பஞ்சு யாவாரமுங்களா?" என்றார்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் அடிக்கும் காற்றினால் எங்கள் ஊரில் புழுதிக்குப் பஞ்சமில்லை. அப்புச்சியின் தொழிலில் பஞ்சுக்குப் பஞ்சமில்லை. இரண்டும் சக்கரங்களுக்கு நடுவில் போய்க் குடியேறியிருந்தன. எண்ணெய் காய்ந்து பிசினாகியிருந்தது. 'ஓவராயில்' செய்யவேண்டும் என்றார். நம் கடைக்காரர்கள் ஆங்கில வார்த்தையை எப்படியோ எண்ணெயோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். ஆனால் உண்மையில் இந்த வேலையில் எண்ணெய்தான் கொஞ்சம். எல்லாவற்றையும் கழற்றி அலசிக் காயவைத்த பிறகு, ஊசி முனையில் தொட்டு வைப்பதுதான். ஒரு சொட்டு அதிகமானாலும் அது புழுதியைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளும். அந்தக் காலத்துக் கடியாரங்களில் பெரும்பாலும் பேலன்ஸ் சக்கரம் விநாடிக்கு ஐந்து முறை ஆடும். ஒரு நாளைக்கு 4,32,000 ஆட்டம். அத்தனையையும் தாங்குகிற அச்சு முனைகளில் தலைமயிர் கனம்தான் இருக்கும். அதனால்தான் அதன் முனைகளைச் சிவப்புக் கல்லில் உட்கார வைக்கிறார்கள்.

இயந்திரத்தில் தகராறு இல்லை. தகராறு முகத்தில் வந்தது. டயல் பழைய பத்திரத் தாள் மாதிரி மஞ்சளித்து, ஆறாம் மணிக்குப் பக்கத்தில் புள்ளி புள்ளியாகப் பொரிந்திருந்தது. மாமன் மகனுக்கு அது பிடிக்கவில்லை. அவன் மகனுக்குத் தையில் கல்யாணம்.

"புதுசாப் பெயிண்ட் அடிச்சரலாம் மாப்ளே. பளபளன்னு வந்துரும்" என்றான்.

வரும். அப்படி அடித்த டயல்கள் நம் தேசத்துக் கடைகளில் நூற்றுக்கணக்கில் தொங்குகின்றன. எழுத்து தடிப்பாக, கோடு கோணலாக, அசல் முகத்தில் ஒருநாளும் இல்லாத நீலமும் சிவப்புமாக. பழைய கடியாரம் சேர்ப்பவர்கள் அவற்றைத் தொடவே மாட்டார்கள். கிழவரும் தலையை ஆட்டினார். இன்னொரு காரணமும் சொன்னார். இருட்டில் மணி தெரிய அந்தக் காலத்தில் முட்களில் ரேடியம் கலந்த பூச்சைப் பூசினார்கள். பூச்சிலுள்ள ஒளிரும் பொருள் ஓய்ந்துபோய் வெளிச்சம் அணைந்துவிடும். ஆனால் ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 வருஷம் ஆகும். சுரண்டினால் அந்தத் தூள் மூச்சில் போகும். அதைத் தொடாமல் விடுவதே புத்தி. கண்ணாடியும் வாரும் புதிது. மற்றது இருந்தபடியே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். மாமன் மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

பின்மூடியைப் பூட்டுவதற்கு முன் கிழவர் அதை என் பக்கம் திருப்பிக் காட்டினார். உள்பக்கத்தில் ஊசியால் கீறிய பொடி எழுத்துக்கள். பழுது பார்த்தவர்கள் அவரவர் அடையாளத்தையும் மாதம் வருஷத்தையும் கீறி வைப்பது இந்தத் தொழிலில் வழக்கம். பூதக்கண்ணாடியை வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தேன். 59, 62, 65. அப்புறம் 68, 71, 74.

அப்புச்சி காலமானது 1967-ல்.

அவர் போன நாளிலிருந்து கடியாரம் பெட்டியில் கிடந்தது என்றுதான் வீட்டில் பேச்சு. பெட்டியில் கிடக்கிற கடியாரத்தை மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் சுத்தம் செய்ய யார் கொடுப்பார்கள்? சின்னம்மாவுக்குப் போன் செய்து கேட்டேன்.

"வேற யாரு சாமி? எங்கம்மாதான். அப்பா போனதுக்கப்புறம் தெனமும் வெளக்கு வெச்சுட்டுச் சாவி குடுப்பாங்க. கொஞ்ச நேரம் காதுல வெச்சுக் கேப்பாங்க. நின்னுபோச்சுன்னா கணக்குப்பிள்ளைகிட்டக் குடுத்து அனுப்புவாங்க."

அம்முச்சிக்கு மணி பார்க்கத் தெரியாது. ஆலைச் சங்குதான் அவளுக்கு மணி. 1976-ல் அவளும் போய்ச் சேர்ந்தாள்.

மாமன் மகனிடம் இதைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "டயல் அப்படியே இருக்கட்டும், கல்யாணத்துக்கு மட்டும் குடு மாப்ளே" என்றான். கொடுத்தனுப்ப வேண்டும். ஒரு நாளைக்கு முக்கால் நிமிஷம் பிந்துகிறது. முகூர்த்தத்துக்கு வேறு கடியாரத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.