பூட்டுக்கேற்ற சாவி

நம் திண்டுக்கல் நகரிலும் சுற்றியுள்ள சமவெளிச் சிற்றூர்களிலும் இல்லங்களைச் சந்திக்கச் செல்லுங்கால், பெற்றோர் பலர் நம்மிடம் எழுப்பும் வினா ஒன்று உண்டு. "சாமி, கல்யாணக் கேசட்டும் பிள்ளைகள் புதுநன்மை வாங்கின கேசட்டும் பீரோவில் கிடக்கின்றன. அவற்றை வெட்டித் தொகுக்க எந்தக் கம்ப்யூட்டர் வாங்கலாம்?" என்பதே அது. நல்ல வினாதான். ஆயினும் கம்ப்யூட்டருக்கு முன்னர் எண்ண வேண்டியவை இரண்டு உள.

முதலாவது, காலம். வீடியோ நாடா என்பது மெல்லிய பிளாஸ்டிக் பட்டையின்மீது காந்தத் துகள்களைப் பசையால் பிணைத்துச் செய்யப்பட்டது. வெப்பமும் ஈரமும் அப்பசையைச் சிதைக்கின்றன, பூஞ்சையும் படர்கிறது. நாடா நலமாயிருப்பினும் அதை ஓட்டும் கருவி கிடைத்தல் அரிதாகி வருகிறது. வி.எச்.எஸ். கருவிகளை இறுதிவரை தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016-லேயே உற்பத்தியை நிறுத்திவிட்டது. காந்த நாடாக்களை விரைந்து படியெடுக்க வேண்டுமென 2019-இல் யுனெஸ்கோ உலகத்தை எச்சரித்தது.

இரண்டாவது, இணைப்பு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டுக்கு உரிய ஊரார் நாம். சாவி பொன்னால் ஆனதேனும் பூட்டுக்குப் பொருந்தாவிடில் பயன் என்ன? பெரிய வி.எச்.எஸ். கேசட்டின் படத்தைக் கம்ப்யூட்டருக்குள் கொணர, மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகள் கொண்ட ஒயரும், யு.எஸ்.பி. கேப்சர் கருவியும் வேண்டும். 1995-இல் வெளிவந்த, கைக்குள் அடங்கும் மினி-டி.வி. கேசட்டோ டிஜிட்டல் முறையில் பதிவானது. அதன் கேமராவை ஃபயர்வயர் எனும் இணைப்பில் பொருத்த வேண்டும். இன்றைய லேப்டாப்களில் அவ்விணைப்பு இல்லை. மேசைக் கம்ப்யூட்டரில் அதற்குரிய கார்டைச் செருகிக்கொள்ளலாம். ஆகவே இவ்வகைக் கேசட் உடையோர்க்குப் புதிய லேப்டாப்பினும் பழைய மேசைக் கம்ப்யூட்டரே உதவும்.

இனிக் கம்ப்யூட்டருக்கு வருவோம். மினி-டி.வி. கேசட் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 13 ஜி.பி. இடம் கொள்ளும். இருபது கேசட்டுகளுக்கு 260 ஜி.பி.; 1 டி.பி. ஹார்டு டிஸ்க் தாராளம். அந்நாடாவில் ஒவ்வொரு சட்டமும் தனித்தனியே பதிந்திருப்பதால், 8 ஜி.பி. ரேம் உள்ள எளிய கம்ப்யூட்டரே அதைத் தாங்கும். 2006-இல் அறிமுகமான ஏ.வி.சி.எச்.டி. வகைக் கேமராக்களும் கைபேசிகளும் அவ்வாறல்ல. பெரும்பாலும் ஒரு சட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே மாறியதை மட்டுமே அவை குறித்து வைக்கின்றன. அதை விரித்துக் காட்டக் கம்ப்யூட்டர் கடுமையாய் உழைக்க வேண்டும். அதற்கு 16 ஜி.பி. ரேமும் எஸ்.எஸ்.டி.யும் நலம். தொகுக்கும் மென்பொருளுக்குப் பணம் வேண்டா. ஷாட்கட், கேடென்லைவ் ஆகியன இலவசமாகவே கிடைக்கின்றன.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்வோம். வெட்டுமுன் கேசட் முழுவதையும் படியெடுங்கள். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும், பொறுமை வேண்டும். பூஞ்சை கண்டதைக் கருவியில் இடாமல் தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள். புதிதாய்த் தொகுப்போர், ஆடும் படத்தையும் இரைச்சலையும் வீணெனக் கழிப்பது வழக்கம். அவ்விரைச்சலுக்குள்ளேதான், பந்தலில் யாரையோ பந்திக்கு அழைக்கும் பாட்டியின் குரல் ஒலிக்கக்கூடும். நவம்பர் 2 அன்று அவர் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றிச் செபிக்கிறோம். அவர் முகத்துக்குச் சுவரில் படம் உண்டு. குரலுக்கோ அந்நாடாவை விட்டால் வேறெதுவுமில்லை.

ஆதலின் இரு படிகள் எடுத்து, ஒன்றை உடன்பிறந்தார் வீட்டில் வையுங்கள். வரும் விடுமுறையில் முதலில் பீரோவைத் திறந்து, எவ்வகைக் கேசட் எத்தனை என எண்ணுங்கள். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள்.